குளிப்பாட்டிய கையோடு எருக்குழியில் போய்ப் புரளும் நாயை என்ன செய்வது?

வெண்ணாற்றங்கரை | டிசம்பர் 21, காலை 9:10

நீடாமங்கலம் பக்கம் எங்கள் கிராமம். வீட்டில் செவலை என்று ஒரு நாட்டு நாய், மூன்று வயது. மழை விட்டு நேற்றுதான் வெயில் எட்டிப் பார்த்தது. பம்புசெட்டில் பிடித்து நிறுத்தி, காதில் பஞ்சு வைத்து, சோப்புப் போட்டு, ஒரு மணி நேரம் குளிப்பாட்டினேன். ஜப்திக்கு வந்தவனைப் பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. சரி, பாவம் என்று கயிற்றை அவிழ்த்தேன். நேரே கொல்லைக்கு ஓடி எருக்குழிக்குள் இறங்கியது. முதலில் வலது தோளைத் தேய்த்தது, அப்புறம் கழுத்து, அப்புறம் நாலு காலையும் வானத்துக்குக் காட்டிக்கொண்டு முதுகு. அம்மா கொடியில் போட்டிருந்த வேட்டி பக்கத்தில் வந்து நின்று ஒரு உலுக்கு உலுக்கியதில், அப்பாவின் வெள்ளை வேட்டி சுங்குடிச் சேலை ஆகிவிட்டது.

இது ஒன்று. இன்னொன்று, வாசலில் விடுகிற செருப்பில் ஒற்றைக் கால் காணாமல் போகிறது. ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் மட்டும் நான்கு. பால்காரர் இரண்டு இழந்து, இப்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே வருகிறார். செவலைதான் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்றுதான் தெரியவில்லை. கடித்த துண்டு கூடக் கிடைப்பதில்லை.

உங்கள் வீட்டில் எல்லாம் எப்படி?

பின்கட்டு | டிசம்பர் 21, காலை 9:48

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். எருக்குழி இல்லாத ஊர் என்று சந்தோஷப்படாதீர்கள் தம்பி. எங்கள் மணி செய்வதைக் கேளுங்கள்.

மாமியார் தினமும் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். கொல்லைச் சுவரில் ஒரு பிடி சாதம் வைத்து, அதில் இரண்டு சொட்டு நெய் விட்டு, "கா கா" என்று கூப்பிடுவார். மணி குட்டியாக வந்த புதிதில் காக்கை சிதறிய பருக்கையைக் கீழே நின்று பொறுக்கித் தின்னும். நாங்களும் கண்டுகொள்ளவில்லை. இப்போது "மணி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்காது. "கா கா" என்றால் மூன்றாம் வீட்டிலிருந்து பறந்து வருகிறது. தெருவில் அவிழ்த்துக்கொண்டு ஓடினால் நானும் என் கணவரும் "கா கா" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓட வேண்டும். போன ஆடி அமாவாசைக்கு ஊரே சுவரில் படையல் வைத்துக் கூப்பிட்டது. அன்றைக்கு மணிக்கு எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியாமல் பைத்தியம் பிடிக்காத குறை.

மாமியாரின் ஒரே வருத்தம், காக்கைக்கு முன்னால் நாய் வாய் வைத்தால் முன்னோர் சாப்பிட்டதாகக் கணக்கு உண்டா இல்லையா என்பது. வீட்டுக்கு வந்த சாஸ்திரிகளிடம் கேட்டார். அவர் சிரித்துவிட்டுத் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

திண்ணை | டிசம்பர் 21, காலை 10:30

நாயை நடுவீட்டுக்குள் விட்டுவிட்டு அப்புறம் இழை போட்டு அழுவானேன். எங்கள் காலத்தில் நாய் வாசற்படி தாண்டாது. மிச்சம் மீதியைப் போட்டால் தின்றுவிட்டு வைக்கோல் போரடியில் படுக்கும். ஒரு செருப்பைக் கடித்தால் அதே செருப்பால் நாலு போடு. ஜென்மத்துக்கும் மறக்காது. குளிப்பாட்டுவதாம், பஞ்சு வைப்பதாம்.

களத்துமேடு | டிசம்பர் 21, காலை 11:05

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது எங்கள் வீட்டு ராஜாவுக்காகவே சொன்னது. போன அறுவடையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு எதிரே கொட்டி வைத்துக் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நாலு நாள் காலால் கிண்டிக் கிண்டிக் காய வைத்தோம். ராஜாவும் காவலுக்கு வந்தது. ஊரில் அத்தனை குவியல் இருக்க, நம் வீட்டுக் குவியலாகப் பார்த்து, தினமும் காலையில் உச்சியில் ஏறிக் காலைத் தூக்கியது. ஈரமானி வைத்துப் பார்க்கிற நேரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்குத்தான் தெரியும். நல்லவேளை, மேற்கு ஓரத்தில் அளந்தார்கள்.

பழைய ஆய்வாளர் | டிசம்பர் 21, பகல் 1:20

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மாட்டுக்குப் போன இடத்தில் எல்லாம் நாய்க்கும் பதில் சொல்லித்தான் பழக்கம், அதனால் கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

களத்துமேடு தம்பி, உங்கள் ராஜா கொடி நாட்டியிருக்கிறது. ஆண் நாய்க்கு மேடு, தூண், வண்டிச் சக்கரம் எது கிடைத்தாலும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். உங்கள் வீட்டு வியர்வை வாடை அந்தக் குவியலில் இருக்கும்போது அதற்கு அது சொந்த நிலம்.

எருக்குழி விஷயத்துக்கு வருகிறேன். அழுகின மீன், செத்த எலி, சாணம் என்று எது நாறினாலும் அதில் தோளையும் கழுத்தையும் முதலில் தேய்ப்பது ஓநாய்களிடமும் உண்டு. தன் வாடையை மறைத்துக்கொள்ளத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே என்ன கிடைத்தது என்ற சேதியைக் கூட்டத்துக்கு உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறது என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நமக்கு மூக்குக்குள் மோப்பம் பிடிக்கிற செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கும் மேல். அதன் மேல் மல்லிகைப்பூ வாசனை சோப்பைப் போட்டால் அதற்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் அழுக்கைக் கழுவினீர்கள். அது உங்கள் சோப்பைக் கழுவியது.

வழி ஒன்றும் பெரிதில்லை. வாசனை இல்லாத சோப்பு, மனிதர்களுடையது வேண்டாம். குளித்தபின் காயும்வரை கட்டியே வையுங்கள். உலுக்கட்டும், தடுக்காதீர்கள். லாப்ரடார் போன்ற பெரிய நாய் நொடிக்கு நான்கு தடவைக்கு மேல் உலுக்கும். ரோமத்தில் இருக்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். வேட்டியைத் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

திண்ணை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. காலையில் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் அடித்தால், அடி எதற்கென்று அதற்குத் தெரியாது. நீங்கள் வந்தால் அடி என்று மட்டும் புரிந்துகொள்ளும். "தப்புச் செய்துவிட்டு எப்படி முழிக்கிறது பார்" என்பார்கள். அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு எஜமானரை வெளியே அனுப்பினார். திரும்பி வந்தவரிடம் சில சமயம் நாய் தின்றுவிட்டது என்று பொய்யும் சொன்னார். திட்டு வாங்கிய நாய்கள்தான் அப்படி முழித்தன. தின்றதா தின்னவில்லையா என்பதற்கும் அந்த முழிக்கும் சம்பந்தமே இல்லை.

திண்ணை | டிசம்பர் 21, பகல் 2:02

அமெரிக்க நாய் வேறு, மாயவரத்து நாய் வேறு.

நாயன வீடு | டிசம்பர் 21, இரவு 8:15

குத்தாலம் பக்கம். அப்பா நாயனம் வாசிப்பவர். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வாங்கிய பாரி நாயனம் அவருடையது. விடியற்காலை நாலரைக்குச் சாதகம். எங்கள் டைகரும் நாலரைக்கு எழுந்து எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்பா மேல் சட்ஜமத்தில் கார்வை கொடுக்க ஆரம்பித்ததும் டைகர் மூக்கை மோட்டுக்குத் தூக்கி, கண்ணை மூடி, ஊளையிடும். அப்பா நிறுத்தினால் நிறுத்தும். வேகமாகப் பிருகாக்கள் போனால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். தவிலுக்கு எந்தப் பதிலும் கிடையாது, சித்தப்பா அரை மணி தனி வாசித்தாலும் காலை நக்கிக்கொண்டிருக்கும். நீண்டு நிற்கிற நாதம்தான் அதற்கு வேண்டும். சிவன் கோயில் சங்குக்கும் இப்படித்தான்.

அப்பாவுக்கு இதில் பெருமைதான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஒரே குறை, டைகர் ஒரு நாளும் அவர் சுருதியில் சேராது. கொஞ்சம் மேலேயோ கீழேயோதான் நிற்கும்.

உண்மையான கஷ்டம் சீவாளி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், நாயனத்தின் உச்சியில் வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சின்னத் தட்டை. காவிரிக்கரை நாணலில் செய்வது, திருவாவடுதுறைச் சீவாளி பேர் போனது. பதப்படுத்தி, நறுக்கி, நூல் கட்டி, ஒருவர் வாய்க்கு ஏற்ப அதைப் பழக்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நல்லதாக ஒன்று அமைந்தால் அப்பா அதைப் பெற்ற பிள்ளையைவிடப் பத்திரமாக வைப்பார் (அனுபவம்). போன தையில் ஒரு முகூர்த்தம். முதல் நாள் ராத்திரி உறையிலிருந்து நாயனத்தை எடுத்துத் துடைத்துவிட்டுப் பெஞ்சில் வைத்தார். உபரிச் சீவாளிகள், சீவாளியை மாட்டுகிற கெண்டை என்ற சின்ன உலோகக் குழல், ஊசி எல்லாம் ஒரே கயிற்றில் கட்டித் தொங்குமே, அந்தக் கொத்து முழுக்க டைகர் வாயில். சப்புக்கொட்டிக்கொண்டு மென்றிருக்கிறது. நாணல், அதில் அப்பாவின் எச்சில் வாடை, வேறென்ன வேண்டும் அதற்கு. ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு அப்பாவின் கூட்டாளி வீட்டுக் கதவைத் தட்டி, இரண்டு சீவாளி கடன் வாங்கி வந்தேன். மறுநாள் கெட்டிமேளம் முடிந்து திரும்பி வரும்வரை அப்பா யாரோடும் பேசவில்லை. வந்ததும் டைகருக்குக் கல்யாண வடை இரண்டு எடுத்துப் போட்டார். எனக்கு இன்றுவரை அது புரியவில்லை.

பழைய ஆய்வாளர் | டிசம்பர் 21, இரவு 9:00

அப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி, டைகர் மேல் குற்றமில்லை. ஓநாய்கள் கூட்டமாக ஊளையிடும்போது ஆளுக்கொரு சுருதியில்தான் நிற்கும். ஒத்து ஊதுவது நாய்க்குலத்தில் வழக்கமில்லை. வடையில் வெங்காயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்கட்டு | டிசம்பர் 22, காலை 6:50

வெங்காயம் ஆகாதா? எங்கள் மணி சாம்பார் சாதம் இல்லாவிட்டால் தட்டைக் கவிழ்க்குமே!

பழைய ஆய்வாளர் | டிசம்பர் 22, காலை 7:30

ஆகாது அம்மா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும். ஒரு நாளில் தெரியாது, தினம் தினம் போனால் இரத்தசோகை வரும். பாயசத்தில் போடுகிற உலர்ந்த திராட்சை அதைவிட மோசம், சிறுநீரகத்தைப் பிடிக்கும். சாக்லேட்டும் கூடாது. சாதமும் தயிரும், முள் எடுத்த மீனும், முட்டையும் போதும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

களத்துமேடு | டிசம்பர் 22, காலை 8:10

மாங்கொட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். எங்கள் ராஜா இரண்டு வருஷம் முன்னால் வைகாசியில் ஒன்றை முழுசாக விழுங்கிவிட்டது. தின்பது, குடிப்பது எல்லாம் வாந்தியாக வந்தது. மூன்றாம் நாள் எழுந்து நிற்கவில்லை. ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடலைத் திறந்து எடுத்துக் கையில் கொடுத்தார்கள். கழுவிப் பார்த்தால் நார் அப்படியே இருக்கிறது. இப்போதும் மாம்பழம் நறுக்குகிற நாளில் கொட்டைகளை எண்ணித்தான் குப்பையில் போடுவோம்.

ஜூரோங் பட்டுக்கோட்டை | டிசம்பர் 22, காலை 10:40

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் ஒரே ஒரு நாய், அதுவும் அனுமதித்த சிறிய இனம்தான் வளர்க்கலாம். எங்களிடம் இருப்பது முயல் அளவு. மண்ணையே மிதிக்காத ஜென்மம். ஆனாலும் ராத்திரி படுக்கும்முன் பளிங்குத் தரையை முன்னங்காலால் பரக் பரக் என்று தோண்டும். நாலு சுற்றுச் சுற்றும். அப்புறம்தான் சுருண்டு படுக்கும். தோண்டி ஒரு பிடி மண் வந்திருக்குமா? இருந்தாலும் குழி தயாரான திருப்தி அதன் முகத்தில். ஊரில் எங்கள் நாய் சித்திரை வெயிலில் கிணற்றடித் துவைகல் ஓரமாகப் பறித்து, அந்த ஈரக் குழிக்குள் பின்னங்காலைத் தவளை மாதிரி நீட்டிக்கொண்டு வயிறு படியப் படுத்திருக்கும். அம்மா திட்டிக்கொண்டே மூடுவார். மறுநாள் அதே இடத்தில் குழி. இங்கே இது தரையைச் சுரண்டும்போது எனக்கு அந்தத் துவைகல்தான் ஞாபகம் வருகிறது.

அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடுகிறோம். ராஜபாளையம் நாய் ஒன்று வாங்கலாம் என்று பையன் ஆசைப்படுகிறான். சரிப்படுமா?

பழைய ஆய்வாளர் | டிசம்பர் 22, பகல் 12:15

வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும். 2005-இல் தபால்தலை கூட வந்தது. ஆனால் அதுவும் சிப்பிப்பாறையும் தெற்குச் சீமை வேட்டை நாய்கள். ஓட விட ஆளும் நிலமும் வேண்டும். கட்டியே போட்டால் உங்கள் வீட்டுச் சோபாவை வேட்டையாடும். உங்கள் தெருவிலேயே நாலு குட்டி அநாதையாகத் திரியும், போய்ப் பாருங்கள். பட்டுக்கோட்டை மண்ணும் பழையதும் அதற்குப் பழக்கம்.

குழி பறிப்பதற்குக் காரணம், நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டும்தான் வியர்வை என்று சொல்லும்படி இருக்கிறது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஈர மண் கிடைத்தால் விடுமா? பானையடியில் ஒரு மூலையை அதற்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பின்கட்டு | டிசம்பர் 23, காலை 7:05

இன்று நடந்தது. மார்கழிக் கோலத்தின் நடுவே சாணிப்பிள்ளையார் பிடித்து, பரங்கிப்பூ செருகி வைத்துவிட்டு உள்ளே காபி போடப் போனேன். திரும்பி வந்தால் பூ மட்டும் தனியாகக் கிடக்கிறது. மணி மூக்கில் பச்சையாக ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து வாலை ஆட்டுகிறது. மாமியார் சொல்லிவிட்டார், பைரவர் வாகனம் பிள்ளையாரைத் தின்றால் அது குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது என்று.

கருவாட்டுக்கடை | டிசம்பர் 23, காலை 9:30

நாகப்பட்டினத்திலிருந்து. உங்களுக்கெல்லாம் எருவும் சாணியும். எங்களுக்கு வீட்டு வாசலில் காய்கிற நெத்திலி. அதன் மேல் புரண்டுவிட்டு வந்து என் பெண்ணின் பள்ளிக்கூடப் பையில் தலை வைத்துத் தூங்குகிறது. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வெண்ணாற்றங்கரை | டிசம்பர் 23, இரவு 9:10

இரண்டு நாளாக இதையெல்லாம் வீட்டில் சத்தமாக வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா அந்தச் சீவாளிக் கதையை இரண்டு தடவை கேட்டார்.

ஒரு சந்தேகம் சார். செவலை வயலில் எலி வளையைத் தோண்டிவிட்டு, மூக்கில் வயல் நண்டு கவ்விக்கொண்டு தொங்க, கத்திக்கொண்டே ஓடி வரும். நண்டை நான் எடுத்துவிட்டால் மறுநாள் அதே வளைக்குப் போகும். அது போகட்டும், எலி வளைத் தண்ணீரில் புரளுவதால் ஏதாவது வருமா? அப்புறம் சில நாள் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு கூடம் முழுக்க ஊர்கிறது. தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பழைய ஆய்வாளர் | டிசம்பர் 24, காலை 6:40

சிரிக்கிற விஷயம் இல்லை தம்பி. எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். நாய்க்கும் வரும், காலில் சேற்றுப்புண்ணோடு வயலில் இறங்குகிற நமக்கும் வரும். நாய் தன் சிறுநீர் வழியாக வீட்டுக்குள்ளும் கொண்டுவரலாம். வருஷா வருஷம் தடுப்பூசி உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடும்போது இதையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்தே கிடையாது, அதில் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

தரையில் தேய்ப்பது ஆசனவாய் ஓரத்தில் இருக்கிற இரண்டு சிறு பைகள் அடைத்துக்கொண்டதாலோ, குடற்புழுவாலோ இருக்கும். மருத்துவரிடம் காட்டினால் ஐந்து நிமிஷ வேலை. அந்தப் பையைப் பிதுக்கும்போது எதிரே மட்டும் நிற்காதீர்கள். முப்பது வருஷம் முன்னால் நான் நின்றேன்.

திண்ணை | டிசம்பர் 25, மாலை 5:20

தாத்தாவின் கணக்கிலிருந்து பேத்தி எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்தேன். தாத்தா இங்கே எழுதியதையெல்லாம் இப்போதுதான் பார்த்தேன். எங்கள் வீட்டு நாய் ராத்திரி படுப்பது தாத்தாவின் சாய்வு நாற்காலிக்கு அடியில். பனி அதிகம் என்று அவருடைய பழைய எட்டு முழ வேட்டியை நாலாக மடித்துப் போட்டிருக்கிறார். காலையில் அவர் பிஸ்கட்டில் பாதி அதற்கு. செருப்பைக் கடித்தால் "கடை செருப்பு, தோல் மட்டம்" என்று செருப்பைத்தான் திட்டுகிறார். வந்துவிட்டார், வைத்துவிடுகிறேன்.

களத்துமேடு | டிசம்பர் 25, மாலை 5:31

ஐயா, வணக்கம் ஐயா.

வெண்ணாற்றங்கரை | ஜனவரி 27, இரவு 8:45

பழைய இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். செருப்பு கிடைத்துவிட்டது.

சம்பா அறுத்தாயிற்று. புது வைக்கோல் வருகிறது என்று பழைய போரின் அடியை இன்று பிரித்தோம். மாடு தின்றது போக இடுப்பளவுதான் மிச்சம். சுவர்ப் பக்கம், யாரும் கை வைக்காத மூலையில் ஒரு பொந்து. உள்ளே கையை விட்ட ஆள் பாம்பு என்று நினைத்துத் துள்ளிக் குதித்தார். பெல்ட் செருப்பின் வார். வெளியே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கிறது. ஒன்பது செருப்பு, ஒரு ஜோடி கூடச் சேரவில்லை. தங்கை பையனின் கிலுகிலுப்பை, கோலமாவுக் கொட்டாங்கச்சி, அம்மா வேலைக்காரப் பெண் மேல் சந்தேகப்பட்ட எவர்சில்வர் கரண்டி, அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு. ஒன்றிலும் பல் பட்ட தடம் இல்லை. எல்லாவற்றையும் வைக்கோலில் சுற்றி, பரண் மேல் வெண்கலப் பாத்திரம் வைப்பது போல அடுக்கி வைத்திருக்கிறது. அடியில் முழுசாக ஒரு தேங்காய்மூடி.

கரண்டியைப் பார்த்ததும் அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். சாயங்காலம் அந்தப் பெண் கிளம்பும்போது பலகாரம் கட்டிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

செவலை முழு நேரமும் பத்தடி தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. குரைக்கவில்லை.

பழைய ஆய்வாளர் | ஜனவரி 27, இரவு 9:05

மிஞ்சியதைப் புதைத்து வைப்பது பழைய புத்தி தம்பி. வயிறு நிறைய நீங்கள் சோறு போடுகிறீர்கள், புதைக்க எலும்பு மிஞ்சவில்லை. உங்கள் கால் வாடை இருக்கிற பொருளாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறது. அது சொத்து.

பின்கட்டு | ஜனவரி 27, இரவு 9:20

பால்காரருக்கு அவர் செருப்பு கிடைத்ததா?

வெண்ணாற்றங்கரை | ஜனவரி 28, காலை 6:35

கிடைத்தது அக்கா, ஆனால் அதற்கு ஜோடியாக இருந்ததை அவர் எப்போதோ வாய்க்காலில் வீசிவிட்டாராம். மற்றதையெல்லாம் நேற்று ராத்திரி கழுவித் திண்ணையில் வரிசையாகக் காய வைத்தேன். எட்டு.

இப்போது எண்ணினேன். ஐந்து இருக்கிறது. புதுப் போர் போட ஆள் வருவது வியாழக்கிழமைதான், அதுவரை எங்கே வைக்கிறதோ தெரியவில்லை.